ஏழாம் சீட்டுக்கு அடியில்

"நான் குடிச்சனா சார்?"

பாபு இப்படிக் கேட்டதும் கோதண்டராமன் வாயிலிருந்த டீயை விழுங்க மறந்துபோனார்.

கோபத்தில் கேட்டிருந்தால் பரவாயில்லை. சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பார். இவனோ செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, டாக்டரிடம் ரிசல்ட் கேட்கிறவன் மாதிரி பவ்யமாகக் கேட்கிறான்.

"குடிய வுட்டு நாலு வருசம் ஆவுது சார். ஒரு சொட்டு தொடல. ஆனா உங்க மூக்கு தப்பாவாதுன்றாங்க. இப்ப எனக்கே டவுட்டா கீது. எனக்குத் தெரியாம நானே குடிச்சிருப்பனா?"

பக்கத்து மேஜையில் இருந்த உதவியாளர் முத்துச்செல்வி கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கினாள். இழவு வீட்டிலும் நக்கலை அடக்கத் தெரியாதவள். அன்றைக்கு அவளே ஒரு டம்ளர் தண்ணீரை பாபுவின் பக்கம் நகர்த்தினாள்.

விஷயம் இதுதான். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் ஸ்டாஃப் வேனை ஓட்டிக்கொண்டிருந்தவன் பாபு. மூன்று வாரத்துக்கு முன்னால் வேனுக்குள் புளித்த நாற்றம் அடிக்கிறது என்று பயணிகள் புகார் செய்தார்கள். வேன் முதலாளி ராஜசேகர், துப்பறியும் 'மூக்கு' கோதண்டராமனைக் கூப்பிட்டார். கோதண்டராமன் வந்தார், குனிந்தார், கார்ப்பெட்டை ஒரு தடவை மோந்தார், "கள்ளு" என்றார். தொழிற்சாலை கேட்டில் டிரைவர்களை ஊதச் சொல்லும் மெஷின் பாபுவுக்குத் தினமும் பூஜ்யம்தான் காட்டியிருந்தது. லீவு நாளில் வண்டியில் உட்கார்ந்து குடித்துக் கொட்டியிருப்பான், மெஷின் எப்படிக் காட்டும் என்று அதற்கும் அவரே விளக்கம் கொடுத்தார். பாபுவின் பழைய குடி ஊரறிந்த கதை. அன்று சாயங்காலமே வேலை போயிற்று. மனைவி செங்கமலம் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு குன்றத்தூரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நாளைக் காலையில் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசித் தீர்த்துவிடப் போகிறார்களாம். தீர்ப்பது என்றால் சேர்த்து வைப்பது இல்லை என்று பாபுவே சொல்லிவிட்டு எழுந்தான். போகும்போது கும்பிடு வேறு போட்டான்.

இங்கே ஒரு ரகசியத்தை உடைத்துவிடலாம். கோதண்டராமனுக்கு மோப்பம் கிடையாது.

முன்பு இருந்தது. எப்பேர்ப்பட்ட மூக்கு! மறைமலை நகர் பக்கம் ஒரு கார் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் அவருக்கு மோந்து பார்ப்பதுதான் உத்தியோகம். புது வண்டிக்குள் தலையை விட்டு, பசை வாடை தூக்கலா, ரப்பர் வாடை தூக்கலா என்று மார்க் போடுவார். அந்த மூக்கை நம்பித்தான் வேலையை விட்டு வந்து ஸ்ரீபெரும்புதூரில் பிரியாணிக் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் திறந்தார். கொரோனா இரண்டாவது அலையில் படுத்தார். உயிர் திரும்பி வந்தது, மோப்பம் வரவில்லை. மல்லிகையும் மண்ணெண்ணெயும் அவருக்கு ஒன்றாகிவிட்டன. வெளியே சொன்னால் பிழைப்பில் மண். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார். எங்கே போனாலும், "செல்வி, உன் மூக்கப் பழக்கணும், நீ மோந்து சொல்லு" என்பார். அவள் சொல்வாள். இவர், "ம், கரெக்ட்" என்று தலையாட்டுவார். நாலு வருஷமாக இந்தப் பயிற்சி ஓயாமல் நடக்கிறது.

பாபுவின் வேனை மோந்த அந்த வியாழக்கிழமை மட்டும் செல்வி இல்லை. கோவில்பட்டிப் பக்கத்தில் அவள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போயிருந்தாள். வரட்டும் என்று இரண்டு நாள் தள்ளிப் போட்டிருக்கலாம். கௌரவம் விடவில்லை. செத்த மூக்கை வைத்து மோந்தார், 'புளிச்ச நாத்தம்' என்று பயணிகள் சொன்னதையும் பாபுவின் பழைய கதையையும் கூட்டிப் பார்த்தார், கள்ளு என்று விடை எழுதினார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. பசி இல்லை என்று வீட்டில் பொய் சொல்லிக்கொண்டிருந்தார்.

பாபு படியிறங்கிப் பத்து நிமிஷம் ஆகவில்லை, ராஜசேகர் போனில் வந்தார். டிரைவரை மாற்றியும் நாற்றம் மாறவில்லையாம். நாலு தடவை கழுவியாகிவிட்டதாம். நாளைக்குள் போகாவிட்டால் வேனையே நிறுத்திவிடுவோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்களாம். மூக்கோடு உடனே வரவேண்டும் என்றார்.

"மூக்க எடுத்துக்கிட்டியளா சார்?" என்றாள் செல்வி, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே.

கோதண்டராமன் கேளாதவர் போலப் படியிறங்கினார்.

வல்லம் வடகாலில் உதயசூரியனின் வாட்டர் வாஷ் ஷெட்டில் வேன் நாலு கதவையும் திறந்துபோட்டு நின்றது. உதயசூரியன் முழங்கால்வரை பேண்ட்டை மடித்துவிட்டு, தோற்றுப்போன ஆள் மாதிரி குழாயைப் பிடித்தபடி நின்றான். அவன் செய்யாத வைத்தியம் இல்லை. முதலில் ஷாம்பூ. அப்புறம் பினாயில். பினாயிலும் நாற்றமும் சேர்ந்து புது நாற்றம் ஆனதும் கற்பூரம் கட்டித் தொங்கவிட்டான். காபித்தூளைத் தூவி ராத்திரி முழுக்க மூடி வைத்தான். ஆப்ப சோடாவைக் கொட்டித் தேய்த்தான். வெயிலில் காயவைத்தால் ஒரு நாள் சும்மா இருக்கும், கழுவினாலோ மழைத்தண்ணி பட்டாலோ மறுபடி ஆரம்பித்துவிடும் என்றான்.

"சரக்கா இருந்தா தண்ணி வுட வுட வீரியம் கொறையணும் இல்ல சார். இது தண்ணி பட்டாத்தான் ஏறுது."

"தண்ணி ஊத்துனா போதை ஏறுத கார்ப்பெட்ட இப்பதான் பாக்கேன்" என்றாள் செல்வி.

அவள் விளையாட்டாகச் சொன்னதுதான். கோதண்டராமனுக்கு அது சுருக்கென்று குத்தியது. கள்ளோ சாராயமோ எதுவானாலும் பறந்துபோகிற சாமான். ஆடி வெயிலில் மூடிக் கிடந்த வண்டியில் இரண்டு நாள் தாங்காது. மூன்று வாரம் கழித்தும் தண்ணீர் பட்டதும் உயிர் வந்து புளிக்கிறது என்றால் அடியில் ஏதோ தீனி கிடக்கிறது. மூக்கே வேண்டாம், மூளை இருந்தாலே போதும். அன்றைக்கு அதையாவது உபயோகித்திருக்கலாம்.

கார்ப்பெட்டைக் கழற்றினாயா என்று கேட்டார். உதயசூரியன் தலையைச் சொறிந்தான். சீட்டு போல்ட்டை எல்லாம் எடுக்க வேண்டும், முதலாளி அவசரப்படுத்தியதால் மேலாகவே தேய்த்ததாகச் சொன்னான். பிறகு அவனே ஒத்துக்கொண்டான்.

"மேல எத்தினி தபா கழுவினாலும் அடியில கீறத எடுக்காம நாத்தம் போவாது சார். எனக்குத் தெரியும். சோம்பேறித்தனம்தான்."

நடு வரிசையில், ஜன்னலோர ஏழாம் சீட்டுக்குக் கீழே எறும்பு வரிசை போய்க்கொண்டிருந்தது. அந்தச் சீட்டைத்தான் முதலில் கழற்றச் சொன்னார். கார்ப்பெட்டைச் சுருட்டி எடுத்தபோது அடியில் விரித்திருந்த தடித்த பஞ்சு விரிப்பு ஊறி உப்பிக் கிடந்தது. உதயசூரியன் தோள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே குதித்தான். கோதண்டராமன் மட்டும் அசையாமல் அதன்மேல் குனிந்திருந்தார்.

"செல்வி, நீ மோந்து சொல்லு."

"இன்னுமா சார் எனக்கு ட்ரெய்னிங் முடியல?" என்றபடி அவள் குனிந்தாள். முகத்தைச் சுளித்தாள். பிறகு நிதானமாக, ஒவ்வொன்றாகச் சொன்னாள். "புளிப்பு. ஆனா கள்ளு இல்ல சார். கள்ளுல ஒரு இனிப்பு கெடக்கும், இதுல இல்ல. மாவு வாடை அடிக்கி. தோசை மாவும் இல்ல. கூடவே வெங்காயம். பேரு சொல்லத் தெரியல, எங்க ஊர்ல இந்தச் சேர்மானம் கெடையாது."

கோதண்டராமன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். மூக்குதான் போயிற்று, கண் இருக்கிறதே. பஞ்சில் மண் நிறத்தில் ஏதோ காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. நடுநடுவே வெள்ளையாய் நொய்யரிசி. ஓரத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு சின்ன வெங்காயத் தோல். அதன் பக்கத்தில், உடையாமல் அப்படியே காய்ந்துபோன நாலு வேப்பிலை.

"வேப்பிலையத் தொட்டுக்கிட்டு எவனும் கள்ளு குடிக்க மாட்டாம்லா" என்றாள் செல்வி.

அவர் வேப்பிலையைக் கையில் எடுத்தார். இந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆடி மாசம். ஞாயிற்றுக்கிழமை. காஞ்சிபுரம் ஜில்லாவில் அம்மன் கோயில் இருக்கிற தெருவெல்லாம் கூழ் வார்ப்பார்கள். கேழ்வரகு மாவை முந்தின நாளே கரைத்துப் புளிக்கவைத்து, நொய் போட்டுக் காய்ச்சி, குடத்தின் கழுத்தில் வேப்பிலை கட்டி, கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம் கொடுப்பார்கள். அவரே இந்த வருஷம் இரண்டு சொம்பு வாங்கிக் குடித்தார். மூக்கு உயிரோடு இருந்திருந்தால் வேன் படியில் கால் வைக்கும்போதே சொல்லியிருப்பார், "யாரோ கூழ் கொட்டிட்டாங்கப்பா" என்று. எல்லோரும் சிரித்திருப்பார்கள். பாபு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருப்பான். அத்தோடு முடிந்திருக்கும்.

"கூழ்" என்றார்.  செல்விக்கு விளக்கிச் சொன்னார். ஆடிக்குக் கொடையும் பொங்கலும்தான் தங்கள் ஊரில் உண்டு, அதனால்தான் தனக்குப் பிடிபடவில்லை என்றாள்.

கொட்டியது யார்? டேஷ்போர்டு பெட்டியில் அந்த மாசத்து டிரிப் ஷீட்டுகள் கத்தையாகக் கிடந்தன. வேனில் ஏறுகிறவர்கள் காலையும் மாலையும் சீட்டு நம்பருக்கு நேரே கையெழுத்துப் போடவேண்டும். கொரோனாவில் வந்த வழக்கம், இன்னும் விடவில்லை. பட்டா போட்ட மாதிரி அவரவர் சீட்டு அவரவருக்கு. ஏழாம் சீட்டில் தினமும் ஒரே பெயர்தான், பூர்ணிமா.

செல்வி விரலை வைத்து ஒவ்வொரு தாளாக ஓட்டினாள். மூன்றாவது ஆடி ஞாயிற்றுக்கு மறுநாள், திங்கள் காலை, ஏழாம் சீட்டில் பூர்ணிமா. அன்று மாலையே பூர்ணிமா இரண்டாம் சீட்டுக்குப் போய்விட்டாள். அதன் பிறகு ஏழில் யாரோ ஒரு பையன்.

"நாத்தம்னு புகார் வந்தது புதன்கிழமை" என்றார் கோதண்டராமன். "அதுவரைக்கும் ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியல. இந்தப் பொண்ணு மட்டும் திங்கக்கிழமையே எடத்த மாத்திக்கிச்சு. வராத நாத்தத்துக்கு ஏன் ஓடணும்?"

"நல்ல மூக்கு சார். ரெண்டு நாள் முன்னாடியே மோந்துட்டா. நம்ம ஆபீஸ்ல வேலைக்குச் சேத்துக்கிடலாம்."

மூன்று மணிக்கு ஷிஃப்ட் விட்டது. கேட்டுக்கு எதிரே டீக்கடையில் பூர்ணிமாவை உட்காரவைத்தார்கள். இருபத்தைந்து வயசு இருக்கும். தொழிற்சாலைச் சட்டைக்கு மேல் அடையாள அட்டை தொங்கியது. கோதண்டராமன் ஒன்றும் கேட்கவில்லை. டிரிப் ஷீட்டை மடித்து, மடிப்பில் காய்ந்த வேப்பிலையை வைத்து அவள் முன்னால் தள்ளினார். அவள் அதைப் பார்த்ததும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள்.

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் தெருக் கோயிலில் கூழ். லைனில் கூட வேலை செய்கிற பெண்களுக்குக் கொடு என்று மாமியார் ஒரு தூக்குச் சட்டி நிறையக் கொடுத்தனுப்பினாள், பிரசாதம் என்று மேலே வேப்பிலையும் போட்டு. ஒரகடம் கூட்ரோடு வேகத்தடையில் வேன் தூக்கிப் போட்டதில் மூடி தெறித்துப் பாதிக் கூழ் கீழே. இயர்போன் மாட்டிக்கொண்டிருந்த யாரும் கவனிக்கவில்லை. துப்பட்டாவால் துடைத்து, மிதியடியை இழுத்து மூடிவிட்டாள். கார்ப்பெட் போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை, கறை பட்டால் அபராதம் என்று முதலாளி அறிவித்திருந்தார். அவளோ கான்ட்ராக்டில் சேர்ந்து ஐந்தாவது மாதம். காய்ந்துவிடும் என்று நினைத்தாளாம்.

கோதண்டராமனுக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. தன்மேல் இருந்த கோபத்தை இறக்கிவைக்க ஒரு ஆள் கிடைத்துவிட்ட கோபம்.

"ஒருத்தனுக்கு வேல போச்சு. பொண்டாட்டி புள்ள போச்சு. நீ ரெண்டாம் சீட்டுல உக்காந்துக்கிட்டு வேடிக்க பாத்தியா? வாயத் தொறந்து சொல்றதுக்கு என்ன?"

பூர்ணிமா முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரை நேராகப் பார்த்தாள்.

"சொல்லத்தான் சார் இருந்தேன். நீங்க வந்த அன்னிக்கு நானும் வேன்லதான் இருந்தேன். மூக்கு சார் வந்துட்டாரு, கூழுன்னு சொல்லிடப் போறாரு, சொன்னதும் ஒத்துக்கலாம்னு எழுந்து நின்னுகினு இருந்தேன். நீங்க கள்ளுன்னு சொன்னீங்க."

பூர்ணிமா வேப்பிலையைத் தாளின் மடிப்புக்குள் தள்ளினாள்.

"உங்களுக்குத் தப்பாவாதே சார். அப்ப என் கூழு காஞ்சிருக்கும், பாபு அண்ணன் நெசமாவே குடிச்சிருப்பாருன்னு நெனச்சேன். அப்டி நெனச்சிகிட்டாதான் தூக்கம் வந்துச்சு. திரும்ப உக்காந்துட்டேன்."

குற்றவாளியைத் தேடி வந்த இடத்தில் குற்றவாளி அகப்பட்டுவிட்டான்.  ஒத்துக்கொள்ள எழுந்து நின்றவளை உட்காரவைத்தது கோதண்டராமனேதான். செல்வி டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தை நீட்ட, பூர்ணிமா நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். முதலாளியிடமும் நானே வந்து சொல்கிறேன், வேலை போனால் போகட்டும் என்றாள்.

அந்த நேரம் பார்த்து ராஜசேகர் போன் செய்தார். உதயசூரியன் அடிப் பஞ்சை வெட்டி எறிந்துவிட்டு, கார்ப்பெட்டை வினிகர் தண்ணீரில் ஊறவைத்து வெயிலில் போட்டிருக்கிறானாம். நாற்றம் சுத்தமாக நின்றுவிட்டதாம். "என்னா மூக்கு சார் உங்களுது, பஞ்சுக்கு அடியில கீறதக்கூட மோந்துட்டீங்களே. மொத தபா பாபுதான் ஏதோ செஞ்சி உங்கள ஏமாத்திட்டான் போல" என்று புகழ்ந்து தள்ளினார். ரிப்போர்ட்டை அப்படியே எழுதி அனுப்பச் சொன்னார்.

எழுதலாம்தான். கூழைக் கண்டுபிடித்த புகழோடு இன்னும் பத்து வருஷம் ஓட்டலாம். அந்த ஆசை ஒரு நிமிஷம் அவர் மனசில் வந்து உட்கார்ந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

"அப்படியே டைப் அடிச்சிரட்டுமா சார்?" செல்வி கேட்டாள். குரலில் நக்கல் இல்லை.

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"மொத மாசமே தெரியும். ஆபீஸ்ல கேஸு கசிஞ்சி நான் ஓடிவந்து ஜன்னலத் தொறக்கேன், நீங்க பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சிக்கிட்டு இருந்தீய. உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு சொல்லல. நான் அன்னைக்கே சொல்லியிருந்தா பாபு இன்னைக்கு வண்டி ஓட்டிக்கிட்டு இருப்பாரு. அதுல எனக்கும் பங்கு இருக்கு சார்."

அவர் வண்டியைக் குன்றத்தூருக்கு விடச் சொன்னார்.

மலைக்கோயில் தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில் செங்கமலத்தின் அம்மா வீடு. பள்ளிக்கூடம் விட்டு வந்த இரண்டு பிள்ளைகளும் வாசலில் யூனிஃபார்மோடு விளையாடிக்கொண்டிருந்தன. செங்கமலம் பூர்ணிமாவின் கடிதத்தை நின்றபடியே இரண்டு தடவை படித்தாள். படித்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அன்னிக்கு ராத்திரி அவரு வந்து பக்கத்துல படுத்தாரு சார்" என்றாள். "நாலு வருசமா தெனிக்கும் மோந்து பாத்துட்டுத்தான் தூங்குவேன். அன்னிக்கும் பாத்தேன். ஒரு வாடையும் இல்ல. ஆனா மூக்கு சாரே சொல்லிட்டாரு, எம்மூக்குக்கு இன்னா தெரியும்னு விடிஞ்சதும் புள்ளைங்கள கூட்டிகினு வந்துட்டேன்."

கோதண்டராமன் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"என் மூக்கு செத்து நாலு வருஷம் ஆவுதும்மா. எனக்கு எந்த வாடையும் தெரியாது. அன்னிக்கும் தெரியல. தெரியாமலே சொன்னேன்."

செங்கமலம் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தினால் தேவலை என்றிருந்தது. அவள் அவரைப் பார்த்த பார்வையில் வியப்புதான் அதிகம் இருந்தது.

"இத அவருகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"மொதல்ல அவருகிட்ட சொல்லுங்க சார். நான் குடிச்சனா, நான் குடிச்சனான்னு எனக்கே போன் பண்ணிக் கேக்குறாரு அந்த மனுசன்."

கோதண்டராமன் போனை எடுத்து பாபுவின் நம்பரைப் போட்டார்.  செல்வி ஸ்பீக்கரை அழுத்திக் கொடுத்தாள்.

"பாபு, நீ குடிக்கல. அது கூழு. தப்பு எம்மேல. எனக்கு மோப்பம் கிடையாதுப்பா, நாலு வருஷமா எல்லாரையும் ஏமாத்திக்கிட்டு இருந்தேன். உன்னையும்தான்."

அந்தப் பக்கம் தெருச் சத்தத்திலிருந்து ஒதுங்குகிற காலடி கேட்டது. பிறகு பாபு மெதுவாகக் கேட்டான்.

"நான் குடிக்கலையா சார்? நீங்க சொன்னா சரியாத்தான் சார் இருக்கும்."

இதையும் அவர் சொன்னதால்தான் நம்புகிறான். கோதண்டராமன் கண்ணை மூடிக்கொண்டார். நான் சொல்வதை நம்பாதே என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் செங்கமலம் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள்.

"இன்னாங்க, நான்தான். பஞ்சாயத்தெல்லாம் ஒண்ணும் வேணாம். நீ குடிக்கலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும், நான்தான் நம்பாம வந்துட்டேன். புள்ளைங்க பையத் தூக்கிகினு நிக்குதுங்க. நீ இப்பவே வந்து கூட்டினு போ."